பிள்ளைத்தாச்சிப் படத்துக்கு லயத்து வாசலே போதும்

கேள்வி: அக்கா, நாங்கள் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடு) இருக்கிறோம். பொங்கலன்று, ஜனவரி 14ஆம் திகதி, இதை எழுதுகிறேன். எனக்கு இன்றோடு 26 வாரம். பிள்ளை பிறக்கும் திகதி ஏப்ரல் 22 என்று கிளினிக் கார்டில் போட்டிருக்கிறார்கள். மூத்தவளுக்கு நாலு வயது. அவள் வயிற்றில் இருந்தபோது ஒரு படம்கூட எடுக்கவில்லை. இந்த முறையாவது எடுக்க ஆசை. வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை, சித்திரை வருடப்பிறப்புக்குத்தான் வருவார். கல்யாண வீடுகளுக்குக் கெமரா பிடிக்கும் அவருடைய சிநேகிதர் எடுத்துத் தருகிறேன் என்கிறார். நுவரெலியா கிரகரி வாவிக்குப் போவதா, தேயிலை மலையில் எடுப்பதா? வீட்டில் இடமில்லை, ஒரு காம்பராவும் (அறை) இஸ்தோப்பும் (முன் விறாந்தை) மட்டும்தான். பட்டுச்சேலை கட்டலாமா? மாமியார் வேறு, "பிள்ளை பிறக்கிறதுக்கு முன்ன போட்டோ கீட்டோ வேணாம், கண்ணு பட்டுடும்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, சேலையையும் இடத்தையும் பிறகு பார்ப்போம். முதலில் திகதி. அது பிழைத்தால் மற்றதெல்லாம் பிழைக்கும்.

ஏப்ரல் 22 உங்களுக்கு 40 வாரம் நிறையும் நாள். வருடப்பிறப்பு ஏப்ரல் 14 என்றால் அன்று 38 வாரமும் ஆறு நாளும் ஆகியிருக்கும். 37 வாரம் கடந்த பிள்ளை எந்த நாளிலும் பிறக்கலாம். பிறக்காவிட்டாலும் அந்த வாரங்களில் கால் வீங்கி, தூக்கம் கெட்டு, ஐந்து நிமிடம் நின்றாலே இடுப்புக் கடுக்கும். படத்தில் சிரித்தாலும் கண்ணில் அந்தக் களைப்பு இருக்கும். ஆகவே வருடப்பிறப்பை விட்டுவிடுங்கள்.

இந்தப் படங்களுக்கு நல்ல காலம் 28 முதல் 34 வாரம் வரை. வயிறு நன்றாக உருண்டிருக்கும், உடம்பும் ஒத்துழைக்கும். இரட்டைப் பிள்ளை என்றால் இன்னும் முன்கூட்டி, 24 முதல் 28 வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். உங்கள் கணக்கில் 28 வாரம் ஜனவரி 28இல் வருகிறது, 34 வாரம் மார்ச் 11இல். உங்களுக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையிலேயே வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால் வயிறு சீக்கிரமே முன்னுக்குத் தள்ளித் தெரியும். 30 முதல் 32 வாரம், அதாவது பெப்ரவரி 11 முதல் 25 வரை, உங்களுக்குச் சரியாக இருக்கும்.

வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி, அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு சனி ஞாயிறுக்கு லீவு கேட்கச் சொல்லுங்கள். அது முடியாது என்று கடை முதலாளி சொன்னால் பெப்ரவரி 4 சுதந்திர தின விடுமுறை இருக்கிறது. அன்று உங்களுக்குச் சரியாக 29 வாரம். கொஞ்சம் முந்திதான், ஆனால் மோசமில்லை. எந்த நாள் வைத்தாலும் அதற்கு அடுத்த வாரத்தில் இன்னொரு நாளையும் மழைக்கென்று ஒதுக்கி, கெமராக்காரத் தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

பெப்ரவரி உங்கள் பக்கத்துக்கு அதிர்ஷ்டமான மாதம். தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா உள்ளிட்ட மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்த வறண்ட காலம். விடிகாலை குளிர் கடுமையாக இருந்தாலும் காலை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் இருந்து இதை வாசிப்பவர்கள் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். ஊவாவில் டிசம்பர், ஜனவரி மழையோடு போகும். ஜூலை, ஓகஸ்டில் வெயில் உண்டு, ஆனால் கச்சான் காற்று சேலையை நிற்கவிடாது. முந்தானைக்கு உள்ளே நாலு ஊசி அதிகம் குத்தத்தான் வேண்டும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரையும் ஒக்டோபர், நவம்பரிலும் எந்தப் பக்கமானாலும் பகல் இரண்டு மணிக்குமேல் இடிமழையை எதிர்பார்க்கலாம். ஆக மலையகத்தில் எந்த மாதமானாலும் படம் எடுக்கிற வேலை காலைக்குரியது. மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி ஏறும், கால் வீங்கும், களைப்பும் வரும்.

அடுத்த கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நஞ்சுக்கொடி கீழிறங்கி இருக்கிறது, பிரஷர் கூடுகிறது, இரத்தம் பட்டது, முன்கூட்டியே வலி வந்தது என்று ஏதாவது கார்டில் எழுதியிருந்தால் டொக்டரைக் கேட்காமல் திகதி வைக்க வேண்டாம். வீட்டு வாசலைத் தாண்டிப் போகவும் வேண்டாம். இரும்புச் சத்துக் குறைவு என்று சொல்லியிருந்தால் நிற்கிற படங்களைக் குறைத்து உட்கார்ந்தே எடுக்கலாம். படமெடுக்கும் நாளில் பிள்ளை அசைவு குறைந்ததாகத் தோன்றினால், நீர் கசிந்தால், இரத்தம் பட்டால், தலை பிளக்கிற மாதிரி வலித்துக் கண் மங்கினால், முகம் திடீரென்று வீங்கினால் கெமராவை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. எங்கே போனாலும் கிளினிக் கார்டு பையில் இருக்க வேண்டும்.

இனி இடம். கிரகரி வாவியை நான் வேண்டாம் என்பேன். தலவாக்கலையிலிருந்து நானுஓயா வழியாக அந்த வளைவுப் பாதையில் ஒரு மணிநேரத்துக்கு மேல் போக வேண்டும். கட்டிய சேலை கசங்கும், குமட்டும், இறங்கும்போது பாதி பலம் போயிருக்கும். பெப்ரவரி விடிகாலையில் நுவரெலியாவில் சில நாள் புல்லில் உறைபனியே விழும்; வாவிக்கரையில் அதோடு காற்றும் சேரும். கை மயிர்க்கூச்செறிந்து, மூக்கு நுனி சிவந்து, தோள் சுருங்கித்தான் நிற்பீர்கள். வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தால் கூட்டமும் குதிரையும் வந்துவிடும். நுவரெலியாதான் வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால் விக்டோரியா பூங்காவைப் பாருங்கள்: சமதரை, நிழல், உட்கார இடம், கழிப்பறை எல்லாம் உண்டு. கெமராவுக்குத் தனி அனுமதி வேண்டுமா என்று முதலில் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். முன் சீட்டில் உட்காருங்கள். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டி வயிற்றுக்கு அடியில் தொடையோடு ஒட்டிப் போக வேண்டும், மேல்பட்டி மார்புக்கு நடுவே வர வேண்டும். வயிற்றின் மேல் குறுக்கே ஒருபோதும் வரக்கூடாது.

ரயில் பாதையிலும் பாலத்திலும் நின்று எடுக்கிற ஆசை வேண்டாம். அது சட்டப்படியும் குற்றம், உங்களால் இப்போது சட்டென்று ஒதுங்கவும் முடியாது. சென்கிளயர் அருவி தெரிகிற வளைவும் அப்படித்தான்; வேகமாக வரும் பஸ்ஸுக்கு முன்னால், ரோட்டு ஓரத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். பெப்ரவரியில் அருவியில் தண்ணீரும் குறைவு.

தேயிலை மலை நல்ல யோசனை. ஆனால் எந்த மலை, எந்த நாள் என்பதில் விஷயம் இருக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலை குச்சி குச்சியாகத் தெரியும், அது வேண்டாம். நேற்றுக் கொழுந்து எடுத்த மலை கரும்பச்சையாகத் தட்டையாக இருக்கும். ஏழு நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்கிறார்கள் என்றால் எடுத்து ஐந்தாம் ஆறாம் நாளில் இளம்பச்சை தளிர்த்து நிற்கும். படத்துக்கு அதுதான் அழகு. கங்காணியிடம் மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த மலைக்கு அடுத்து எப்போது கொழுந்துக்குப் போகிறார்கள், மருந்து எப்போது அடித்தார்கள், குளவிக்கூடு எங்கேயாவது கண்டார்களா. அந்த வாரம் மருந்தடித்த மலையில் கால் வைக்க வேண்டாம். குளவி ஒன்று கலைந்தாலும் உங்களால் ஓட முடியாது. கூடு இருக்கிறது என்றால், தூரமானாலும் சரி, வேறு மலை பாருங்கள். செண்ட் பூசாதீர்கள், தலையில் வாசப்பூவும் அன்றைக்கு வேண்டாம். பூ வைக்காமல் மனம் ஆறாது என்றால் வீட்டுக்குத் திரும்பி வந்தபின் வாசலில் எடுக்கும் படத்துக்கு வையுங்கள்.

செடிகளுக்கு நடுவே இறங்கவே வேண்டாம். தேயிலைக்கு அடியில் வடிகான் மறைந்திருக்கும், பனியில் மண்ணும் வழுக்கும், அடிமண் ஈரமாக இருந்தால் வறண்ட காலத்திலும் அட்டை ஏறும். இடுப்பு உயரத்துக்குப் பச்சை சூழ்ந்து நிற்கும்போது அந்தப் பச்சை வெளிச்சம் கீழிருந்து தாடைக்கும் கழுத்துக்கும் ஏறும், தோல் நோயாளி மாதிரி நிறம் மாறும். மலையை ஒட்டிய கொழுந்து லொறிப் பாதை இருக்குமே, அதன் ஓரத்தில் நில்லுங்கள். செம்மண் பாதையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் இதமான நிறம். தேயிலை பின்னணியில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பால் மங்கித் தெரிந்தால் போதும். சரிவில் நிற்கும்போது வீட்டுக்காரர் எப்போதும் உங்களுக்குப் பள்ளப் பக்கம் நிற்கட்டும். தொரைக்கோ கணக்கப்பிள்ளைக்கோ ஒரு வார்த்தை சொல்லி அனுமதி எடுத்துவிடுங்கள், பெரிய கெமராவைக் கண்டால் பத்துப் பேர் கேள்வி கேட்பார்கள். லயத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கிற மலையாகப் பாருங்கள். நடக்கலாம், த்ரீவீல் வேண்டாம். தோட்டத்து ரோட்டின் குலுக்கல் உங்களுக்கு ஆகாது.

"வீட்டில் இடமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஒரே ஒரு கதவு: இது கெமராவுக்குக் குறை இல்லை, வசதி. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும். வயிற்றின் உருண்டை படத்தில் தெரிவது நிழலால்தான். வெளிச்சம் முன்னாலிருந்து நேராக விழுந்தால் வயிறு தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து விழுந்தால் ஒரு பாதி ஒளியும் மறு பாதி நிழலுமாக உருண்டு எழும். வாசல் நிலையிலிருந்து இரண்டடி உள்ளே, கதவுக்குப் பக்கவாட்டாக நில்லுங்கள். பின்சுவர் தூரத்தில் இருட்டாகப் போய்விடும். அடுப்பு, கட்டில், கொடியில் தொங்கும் துணி எதுவும் தெரியாது. தெரிந்தால் ஒரே நிறத்தில், கோடு பூ இல்லாத கடும் நிறப் படுக்கை விரிப்பை அயர்ன் பண்ணிக் கொடியில் கட்டுங்கள். உங்களுக்கும் அதற்கும் நடுவே நாலைந்து அடி இடைவெளி விட்டால் மடிப்பும் தெரியாது. காம்பரா லைட்டை அணைக்க மறக்க வேண்டாம். வெளியே பகல் வெளிச்சம் நீலம், உள்ளே பல்ப் மஞ்சள். இரண்டும் முகத்தில் கலந்தால் எந்த எடிட்டிங்கிலும் சரிவராது. சுவருக்குப் பச்சையோ நீலமோ அடித்திருந்தால் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள், அந்த நிறமும் கன்னத்தில் ஏறும்.

வாசல் கிழக்குப் பார்த்ததா? அப்படியென்றால் காலை வெயில் நேரே உள்ளே விழும். பத்து மணி வரை பொறுங்கள், அல்லது வாசலில் மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். இஸ்தோப்புக் கூரை தாழ்ந்து, உள்ளே இருட்டாக இருந்தால் இஸ்தோப்பிலேயே ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள்.

உடுப்பு. கல்யாணப் பட்டு விறைப்பாக நிற்கும், வயிற்றின் மேல் கூடாரம் மாதிரி எழும்பி வடிவை மறைத்துவிடும். ஜோர்ஜெட், மென்பட்டு, பழகிய பருத்தி என்று உடம்போடு இறங்கும் துணிதான் வேண்டும். பட்டுதான் ஆசை என்றால் உட்கார்ந்து எடுக்கிற ஒரு படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்பாவாடை நாடாவை வயிற்றுக்கு அடியில் தளர்வாகக் கட்டுங்கள்; எலாஸ்டிக் வைத்த பாவாடை கிடைத்தால் இன்னும் நல்லது. கொசுவம் ஐந்து மடிப்புப் போதும், அதையும் வயிற்றுக்குக் கீழேதான் செருக வேண்டும். முந்தானையை ஒடுக்கி மடித்து இடத் தோளில் குத்தினால் இடப்பக்க இடுப்பு திறந்திருக்கும். ஆகவே கெமரா உங்கள் இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் நின்று எடுத்தால் சேலைத் துணியைத்தவிர ஒன்றும் தெரியாது. சேலை கட்டிய பிள்ளைத்தாச்சிப் படங்களில் பாதி இந்த ஒரு காரணத்தால்தான் கெடுகிறது. சட்டையைப் படத்துக்கு ஒரு வாரம் முன்னால் போட்டுப் பாருங்கள். மார்பும் கையும் பருத்திருக்கும், பக்கத் தையலைப் பிரித்து விட வேண்டியிருக்கும்.

இரண்டாவது உடுப்பாக இழுபடுகிற துணியில் நீளக் கவுன் ஒன்று போதும். வீட்டில் போடும் மெக்சிதான் இருக்கிறது என்றால் மார்புக்குக் கீழே ஒரு ரிப்பனைக் கட்டிவிடுங்கள், அதே மெக்சி வயிற்றை எடுத்துக் காட்டும். வயிற்றைத் திறந்து எடுப்பது உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்த இடம் கொடுக்காதீர்கள்.

பச்சைக்கு முன்னால் பச்சை உடுத்த வேண்டாம். அரக்கு, கடுகு மஞ்சள், செங்கல் நிறம், பழுப்பு வெள்ளை எல்லாம் தேயிலைக்கு முன்னால் நன்றாக எழும். கண்ணைக் குத்தும் சிவப்பும் ரோஸும் போன் கெமராவில் துணி மடிப்பெல்லாம் போய் ஒரே திட்டாகிவிடும். வெள்ளைத் துணி மூடுபனிக்குள் கரைந்துபோகும். வீட்டுக்காரரும் மகளும் உங்கள் சேலையின் நிறத்துக்குப் பக்கத்து நிறங்களில், எழுத்தும் படமும் இல்லாத சட்டை போடட்டும். மூன்று பேரும் ஒரே துணியில் தைத்துப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பள்ளிக்கூடச் சீருடை மாதிரிப் படுகிறது.

முதல் நாள் இரவிலிருந்தே இறுக்கமான எலாஸ்டிக் எதுவும் போடாதீர்கள். கால்மேசு, உள்ளாடை பதிந்த தடம் மறைய ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். மருதாணியை இரண்டு நாளைக்கு முன் வையுங்கள், அதற்குள் நிறம் கூடி நிற்கும். அரைத்த இலையாக இருக்கட்டும். கடையில் விற்கும் கறுப்பு மருதாணியில் தலைச்சாய மருந்து கலந்திருக்கும், தோல் கொப்புளித்துவிடும். முகப்பூச்சைக் கழுத்து நிறத்துக்குப் பொருத்திப் போடுங்கள். மாநிறத்தை இரண்டு படி வெளுக்கவைத்தால் கழுத்தும் கையும் காட்டிக்கொடுக்கும். வெயிலுக்குப் பூசும் கிரீம் கலந்த பவுண்டேஷன் பிளாஷ் வெளிச்சத்தில் முகத்தை மாவு பூசினமாதிரி ஆக்கும். விரல் வீங்கி மோதிரம் ஏறாவிட்டால் சவர்க்காரம் போட்டுத் தள்ளாதீர்கள். சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போடலாம், அதுவே ஒரு நல்ல படம்.

அன்றைய காலை இப்படிப் போகட்டும். ஐந்தரைக்கு எழும்பி வயிறு நிறையச் சாப்பிடுங்கள், வெறும் பிளேண்டியோடு கிளம்ப வேண்டாம். பெப்ரவரியில் சூரியன் ஆறு இருபத்தைந்து வாக்கில் உதிக்கும், உங்கள் பள்ளத்தாக்கில் எதிர் மலையைத் தாண்டி வர இன்னும் அரை மணிநேரமாவது செல்லும். ஏழு மணிக்கு மலையில் நிற்கும்படி போங்கள். கைக்காசுக்கு (அன்றன்றைக்கே தரும் காசுக்கு) கொழுந்து எடுக்காத ஞாயிறு என்றால் ஆள் நடமாட்டமும் இருக்காது. அங்கே முப்பது நாற்பது நிமிடம் போதும். சேலைக்கு மேலே கம்பளி அல்லது சால்வை, தட்டையான செருப்பு, பிளாஸ்க்கில் சுடுதண்ணீர், பிஸ்கட், சின்னத் துவாய், பத்து ஊசி, உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கறுப்புக் குடை. போவதற்கு முன் கழிப்பறைக்குப் போய்வாருங்கள்; மலையில் அதற்கு வழியில்லை, இந்த மாதத்தில் அடக்கவும் கூடாது. திரும்பி வந்து ஒரு மணிநேரம் காலை உயர்த்திப் படுத்து, ஏதாவது சாப்பிட்டு, பிறகு வாசல் படங்கள். எல்லாம் சேர்த்துக் கெமராவுக்கு முன்னால் ஒன்றரை மணிநேரத்தைத் தாண்ட வேண்டாம்.

இனி வருவதை அந்தத் தம்பியிடம் அப்படியே காட்டுங்கள்.

தம்பி, கல்யாண வீட்டுப் பழக்கத்தில் அகல லென்ஸை எடுக்காதீர்கள். கெமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற கையும் வயிறும் வீங்கித் தெரியும். காம்பராவுக்கு 50 மில்லிமீற்றர், மலைக்கு 85. பக்கவாட்டில் நிற்கும்போது கண்ணும் வயிறும் ஒரே தூரத்தில் இருக்கும், எப்/2.8 தாங்கும். நேராகப் பார்த்து நின்றால் வயிறு கண்ணைவிட ஓரடி முன்னால் வந்துவிடும். எப்/4 அல்லது 5.6க்குப் போகாவிட்டால் இரண்டில் ஒன்று மங்கும். ஷட்டர் 1/200க்குக் கீழே வேண்டாம். வாசலில் ஐஎஸ்ஓ 800, 1600 வரை ஏற்றலாம், பிளாஷை மட்டும் போடாதீர்கள். கெமராவை அவருடைய மார்புக்குச் சற்றுக் கீழான உயரத்தில் பிடியுங்கள். மேலிருந்து எடுத்தால் வயிறு சுருங்கும், கீழிருந்து எடுத்தால் இரட்டைத் தாடை விழும்.

மூடுபனி வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மூடுபனி முகத்தை அழகாக்கும், வயிற்றைத் தட்டையாக்கும், ஏனென்றால் வெளிச்சம் நாலா பக்கமும் இருந்து வரும். கறுப்புக் குடையை விரித்து, படத்தில் விழாமல், அவருக்கு ஒரு பக்கம் இரண்டடி தள்ளி யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். வயிறு மறுபடி உருளும். வாசலில் இதற்கு எதிர்மாறான தேவை வந்தால், நிழல் மிகவும் கடுமையாக இருந்தால், இருட்டுப் பக்கத்தில் வெள்ளை ரிஜிபோம் அட்டையோ வெள்ளை விரிப்போ பிடிக்கலாம். வெள்ளை மூடுபனியைப் பார்த்துக் கெமரா தானாகவே படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை 0.7 முதல் 1 வரை கூட்டிவையுங்கள். போகஸ் தடுமாறினால் கண்ணில் பிடிக்க முயன்றுகொண்டிராமல் சேலைக்கரையில் பிடியுங்கள், அதே தூரம்தான். குளிரிலிருந்து அடுப்பெரிந்த காம்பராவுக்குள் வந்தவுடன் லென்ஸ் வியர்க்கும். பையை மூடியபடியே இருபது நிமிடம் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.

நிற்க வைக்கும்போது பாரம் பின்காலில், முன் முழங்கால் சற்று மடிந்து. முழங்கை உடம்பை விட்டு ஒரு சாண் விலகட்டும், ஒட்டினால் கையும் இடுப்பும் ஒன்றாகித் தடித்துத் தெரியும். ஒரு கை வயிற்றின் மேலே, ஒரு கை அடியில். அழுத்தக்கூடாது, வைத்திருந்தால் போதும். அவர் மூச்சை விடும்போது கெமரா பட்டனை அழுத்துங்கள், தோள் அப்போதுதான் இறங்கியிருக்கும். ஒரு நிலையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்து மேலிருந்து எடுக்கும் படம் இந்த மாதத்தில் கூடவே கூடாது. கருப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டி இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய நாளத்தை நசுக்கும், தலைசுற்றிக் குமட்டி வியர்க்கும். படுக்கிற படம் வேண்டுமென்றால் இடப்பக்கம் சாய்ந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து. கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு கையை ஊன்றி எழும்ப விடாதீர்கள். கூட ஒரு பெண் எப்போதும் இருக்க வேண்டும்; சேலையைச் சரிசெய்வது உங்கள் வேலை இல்லை.

எடிட்டிங்கில் நிறத்தை வெளுக்க வேண்டாம். வயிற்றுக் கோடும் தழும்பும் நீக்கவா வைக்கவா என்று தாயைக் கேட்டுச் செய்யுங்கள்.

தங்கச்சி, மகளின் படங்களை முதலில் எடுத்து முடித்துவிடுங்கள். நாலு வயதுப் பிள்ளை பத்து நிமிடத்துக்குமேல் நிற்காது. "சிரி" என்று சொன்னால் பல்லைக் காட்டும். வயிற்றில் காது வைத்துத் "தம்பியா தங்கச்சியா கேட்டுச் சொல்லு" என்றால் முகம் தானாக மாறும். அவளைத் தூக்கி இடுப்பில் வைக்க வேண்டாம், நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தால் அவள் தலை சரியாக வயிற்றுக்கு வரும்.

போனில் எடுக்க நேர்ந்தாலும் இந்த வாசல் வெளிச்சம் அதேதான். லென்ஸைத் துடைத்து, 2x இல் வைத்து, ஆறேழு அடி பின்னால் போய் எடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் மோட் வளையலையும் கலைந்த முடியையும் கடித்துவிடும், அதை அணைத்து வைத்தும் சில எடுத்துக்கொள்ளுங்கள்.

காசு வாங்குகிறாரோ இல்லையோ, எத்தனை படம் எடிட் பண்ணித் தருவார், எப்போது தருவார், உங்கள் சம்மதமில்லாமல் தன் பேஸ்புக்கில் போடமாட்டார் என்பதை வட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் கழுவ 2400க்கு 3600 பிக்சல் வேண்டும். டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் வாங்குங்கள்.

மாமியாரைப் பற்றிக் கடைசியில் எழுதுவது, அவரை ஒதுக்க அல்ல. அவர் சொல்வதில் பாதி, படத்தை ஊரெல்லாம் பார்க்கும் என்பதுதான். அதில் நியாயம் இருக்கிறது. பிள்ளை பிறந்து வீடு வந்து சேரும்வரை ஒரு படத்தையும் ஸ்டேட்டஸில்கூடப் போடமாட்டோம் என்று அவருக்கு வாக்குக் கொடுங்கள். கெமராக்காரத் தம்பியையும் சேர்த்துச் சொல்ல வையுங்கள். வளைகாப்பு வைக்கிற எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே ஞாயிறில் போடலாம்: காலை மலை, பத்து மணிக்கு வாசலில் வளையல். முதல் வளையலை அவர் கையாலேயே போடச் சொல்லி, கதவு வெளிச்சத்தில் அந்த இரண்டு பேர் கையையும் உங்கள் வயிற்றையும் மட்டும், முகம் தெரியாமல் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்க வேண்டும் என்பார். வைக்கட்டும், தம்பி அதை அழிக்க வேண்டாம்.